கோப்பைச் சேமிக்கும் முன்: எல்லோராலும் படிக்க முடிகிற ஆவணம் தயாரிப்பது எப்படி

ஒரு ஆவணத்தை மணிக்கணக்கில் உட்கார்ந்து தயாரிக்கிறோம். தலைப்புகள் போட்டு, படங்கள் சேர்த்து, அட்டவணை கட்டி, பிழை திருத்தி எல்லாம் செய்துவிட்டு, எந்த வடிவத்தில் சேமிப்பது என்று வரும்போது மட்டும் யோசிக்காமல் பிடிஎஃப் என்று அழுத்தி அனுப்பிவிடுகிறோம். அந்த ஒரு கிளிக்கில்தான் பலருக்கு அந்த ஆவணம் எட்டாமல் போகிறது. பார்வை இல்லாதவர், திரையில் உள்ள எழுத்தைக் குரலாகச் சொல்லும் திரைவாசிப்பான் என்ற மென்பொருளை வைத்துக் கேட்டுப் படிக்கிறார். பார்வை மங்கியவர் எழுத்தை நான்கைந்து மடங்கு பெரிதாக்கிப் படிக்கிறார். டிஸ்லெக்சியா என்ற வாசிப்புச் சிரமம் உள்ளவர் எழுத்துருவையும் வரி இடைவெளியையும் தனக்குத் தோதாக மாற்றிக்கொள்கிறார், மவுஸ் பிடிக்க முடியாதவர் விசைப்பலகையை மட்டும் வைத்துத் தலைப்பு தலைப்பாகத் தாவிப் போகிறார். இவர்களுக்கெல்லாம் உங்கள் ஆவணம் பயன்படுமா என்பது நீங்கள் என்ன எழுதினீர்கள் என்பதோடு நிற்பதில்லை, அதை எந்த வடிவத்தில், எப்படிச் சேமித்தீர்கள் என்பதையும் பொறுத்தது.

கோப்பு வடிவம் எதையும் புதிதாகச் சேர்த்துத் தராது. இது தலைப்பு, இது பட்டியல், இந்தப் படம் இதைக் காட்டுகிறது என்று மூலக் கோப்பில் நீங்கள் சொல்லி வைத்திருந்தால், பொருத்தமான வடிவம் அதை அப்படியே படிப்பவரிடம் கொண்டுபோய்ச் சேர்க்கும். பொருந்தாத வடிவமோ தவறான சேமிப்பு முறையோ அதையெல்லாம் வழியிலேயே உதிர்த்துவிடும். மூலத்தில் சொல்லியே வைக்கவில்லை என்றால் எதில் சேமித்தாலும் பயனில்லை. ஆக நமக்கு வேலை இரண்டு: மூலத்தில் அமைப்பை ஒழுங்காகக் கட்டுவது, சேமிக்கும்போது அதைத் தொலைக்காமல் இருப்பது.

முதலில் ஒரு சின்னச் சோதனை

கையில் இருக்கும் ஏதாவது ஒரு பிடிஎஃப்பைத் திறந்து, கன்ட்ரோல் ஏ அழுத்தி எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து, நகலெடுத்து, நோட்பேடில் ஒட்டிப் பாருங்கள். பூட்டப்படாத கோப்பாக இருந்தும் எதுவுமே ஒட்டவில்லையா, அந்தக் கோப்பில் எழுத்தே இல்லை, ஒவ்வொரு பக்கமும் ஒரு புகைப்படம். எழுத்து வந்தது, ஆனால் வாக்கியங்கள் முன்னும் பின்னுமாகக் குழம்பிக் கிடக்கின்றன என்றால் வாசிப்பு வரிசை சரியில்லை. செய்தித்தாள் பாணியில் இரண்டு நெடுவரிசையாக அமைத்த பக்கங்களில் இது அடிக்கடி நடக்கும், இடப்பக்கத்தின் முதல் வரி முடிந்ததும் வலப்பக்கத்தின் முதல் வரிக்குத் தாவிவிடும். வரிசையும் சரி, ஆனால் எழுத்துகள் உடைந்தோ உருமாறியோ கிடக்கின்றன என்றால் பிரச்சினை எழுத்துருவில் இருக்கிறது. டேக், அதாவது இது தலைப்பு, இது பத்தி என்று சொல்லும் உள்குறி, இல்லாத பிடிஎஃப்பில், நோட்பேடில் நீங்கள் பார்ப்பதற்கு நெருக்கமான ஒன்றைத்தான் திரைவாசிப்பான் பேசும். தலைப்பு, அட்டவணை போன்ற அமைப்பு இருக்கிறதா என்பதை இந்தச் சோதனை காட்டாது. அதைப் பார்ப்பதற்கு முன்னால் எழுத்து எழுத்தாக இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள இதைவிட வேகமான வழி இல்லை.

தமிழ், கோப்புக்குள்ளும் தமிழாக இருக்கிறதா

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும், ஏனென்றால் ஆங்கிலத்தில் எழுதப்பட்ட வழிகாட்டிகள் பெரும்பாலும் இதைத் தொடுவதில்லை.

உலக மொழிகளின் எழுத்துகளுக்கெல்லாம் தனித்தனி எண் தரும் பொதுத் தரமான யூனிகோடின் முதல் பதிப்பிலேயே, அதாவது 1991லேயே, தமிழ் இடம்பெற்றுவிட்டது. ஆனாலும் அச்சுத் தொழிலிலும் அலுவலகங்களிலும் பாமினி போன்ற பழைய எழுத்துருக்களும், டிஸ்கி, டாப், டாம் போன்ற பழைய குறியாக்கங்களும் இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன. பாமினியில் ‘அம்மா’ என்று திரையில் தெரிந்தாலும் கோப்புக்குள் இருப்பது எம், கே, அரைப்புள்ளி, கே, ஹெச் என்ற ஆங்கில விசைகள்தான். அந்த ஆங்கில எழுத்துகளுக்குத் தமிழ் உருவத்தை மாட்டிவிட்டிருக்கிறது எழுத்துரு. கண்ணால் பார்ப்பவருக்குத் தமிழ், திரைவாசிப்பானுக்கு அர்த்தமில்லாத ஆங்கிலக் குவியல். தேடினால் கிடைக்காது, மொழிபெயர்ப்புக் கருவி தொடாது, பிரெய்லுக்கு மாற்றினால் குப்பைதான் வரும். இதை வேர்டாகச் சேமித்தாலும் பிடிஎஃப்பாகச் சேமித்தாலும் நிலைமை ஒன்றுதான். என்எச்எம் கன்வர்ட்டர், பொங்குதமிழ் போன்ற மாற்றிகளில் கொடுத்து முதலில் யூனிகோடுக்குக் கொண்டுவாருங்கள், அப்புறம்தான் மற்ற எல்லாம். மாற்றியபின் ஒருமுறை கண்ணால் படித்துப் பாருங்கள். ஆவணத்துக்கு நடுவில் உண்மையிலேயே ஆங்கிலச் சொற்கள் இருந்தால் மாற்றி அவற்றையும் தமிழாக நினைத்துச் சிதைத்திருக்கும்.

யூனிகோடில் எழுதினாலும் பிடிஎஃப்பில் வேறொரு சிக்கல் காத்திருக்கிறது. ‘கொ’ என்ற எழுத்து யூனிகோடில் ககரம், அதன்பின் ஒகர உயிர்க்குறி என்ற வரிசையில் சேமிக்கப்படுகிறது. திரையிலோ கொம்பு முன்னால், ககரம் நடுவில், கால் பின்னால். பிடிஎஃப் என்பது எந்த இடத்தில் எந்த உருவத்தை வரைய வேண்டும் என்ற குறிப்புகளின் தொகுப்பு என்பதால், சில மென்பொருள்கள் இந்தக் காட்சி வரிசையையே எழுதிவைத்துவிடும், அந்த உருவங்களுக்குப் பின்னால் இருக்கும் உண்மையான எழுத்தைப் பதிவு செய்யாது. அப்போது நகலெடுத்து ஒட்டினால் ‘கொடு’ என்பதில் கொம்பு தனியாக முன்னால் வந்து நிற்கும், திரைவாசிப்பான் திக்கித் தடுமாறும். ஒவ்வொரு உருவத் தொகுப்புக்கும் அசல் எழுத்து இதுதான் என்று குறித்துவைக்கும் வசதி பிடிஎஃப்பில் உண்டு, நல்ல மென்பொருள்கள் அதைச் செய்கின்றன. உங்களுடையது செய்கிறதா என்று அறிய ‘கொ, கோ, கௌ, கெ, கை’ என்ற ஐந்தையும் ஒரு வரியில் தட்டச்சு செய்து, பிடிஎஃப் ஆக்கி, நோட்பேடில் ஒட்டிப் பார்த்தால் போதும். உடைந்து வந்தால் அந்த மென்பொருளையோ எழுத்துருவையோ மாற்றுங்கள், இல்லையென்றால் பிடிஎஃப்போடு கூடவே வேர்டு கோப்பையும் கொடுங்கள்.

ஆவணத்தின் மொழியையும் குறிக்க வேண்டும். மொழி ஆங்கிலம் என்று பதிவாகியிருந்தால் சில திரைவாசிப்பான்கள் தமிழை ஆங்கிலக் குரலில் படிக்க முயன்று தோற்றுப்போகும், சில சமயம் எதுவுமே பேசாது. வேர்டில் எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து, ரிவ்யூ பட்டியலில் லாங்குவேஜ் பகுதிக்குப் போய்த் தமிழைத் தேர்ந்தெடுக்கலாம். இடையில் முழு ஆங்கிலப் பத்தி வந்தால் அதை மட்டும் ஆங்கிலம் என்று தனியாகக் குறிக்கலாம். வலைப்பக்க வடிவமான எச்டிஎம்எல் என்றால் முதல் டேக்கிலேயே மொழிக் குறியீடு எழுத வேண்டும். தமிழுக்கு அது டி, ஏ என்ற இரண்டு ஆங்கில எழுத்துகள்.

ஸ்கேன் செய்த பக்கங்களும் படமாக வரும் அறிவிப்புகளும்

ஸ்கேன் பிடிஎஃப், ஜேபெக், பிஎன்ஜி எல்லாம் எட்டுவதில் ஒரே ரகம், உள்ளே எழுத்து கிடையாது. தட்டச்சு செய்த அறிவிப்பை அச்சடித்து, கையெழுத்தும் முத்திரையும் போட்டு, திரும்ப ஸ்கேன் செய்து அனுப்புவது உலகம் முழுக்க நடக்கிறது. அந்த எழுத்து ஏற்கெனவே கணினியில் இருந்தது, அதை நாமே அழித்துவிட்டுப் படமாக அனுப்புகிறோம். கையெழுத்து வேண்டுமென்றால் டிஜிட்டல் கையெழுத்து இடுங்கள், அல்லது கையெழுத்தை மட்டும் படமாக வேர்டில் ஒட்டி, ‘இன்ன பதவியில் இருப்பவரின் கையெழுத்து’ என்று மாற்று உரை (படத்துக்குப் பதில் திரைவாசிப்பான் படிக்கும் விளக்கம்) கொடுத்துவிடுங்கள். குழுக்களில் அறிவிப்பைப் படமாகப் பகிர்ந்தே ஆக வேண்டும் என்றால், அதே செய்தியைக் கீழே எழுத்தாகவும் ஒட்டிவிடுங்கள். மெதுவான இணைப்பில் படம் திறக்காமல் தவிப்பவருக்கும் அது உதவும்.

தாள் மட்டும்தான் இருக்கிறது, மூலக் கோப்பு இல்லவே இல்லை என்றால், படத்தில் உள்ள எழுத்தை அடையாளம் கண்டு உண்மையான எழுத்தாக மாற்றும் ஓசிஆர்தான் வழி. 300 டிபிஐ அளவில், தாள் சாயாமல், நிழல் விழாமல் ஸ்கேன் செய்யுங்கள். டெசராக்ட் என்ற இலவச மென்பொருள் தமிழைப் படிக்கும். கூகுள் டிரைவில் ஏற்றி, கூகுள் டாக்ஸில் திறந்தாலும் எழுத்தாக மாற்றித் தரும். ஆனால் தமிழ் ஓசிஆரை நம்பி அப்படியே வெளியிடாதீர்கள். ரகரமும் காலும் மாறும், எகரமும் ஏகாரமும் மாறும், புள்ளி காணாமல் போகும், எண்கள் தவறும். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய அச்சில் ணா, றா, னா, லை, ளை போன்றவற்றின் பழைய வடிவங்கள் இருப்பதால் அங்கே பிழை இன்னும் கூடும். ஒருவர் உட்கார்ந்து மெய்ப்புப் பார்த்தே ஆக வேண்டும். இன்னொன்று, ஸ்கேன் பக்கத்தின் மேல் கண்ணுக்குத் தெரியாத எழுத்து அடுக்கைச் சேர்க்கும் கருவிகள் தேடுவதற்கு உதவுமே தவிர, தலைப்பு, பட்டியல், அட்டவணை எதையும் உண்டாக்காது. முக்கியமான ஆவணம் என்றால் ஓசிஆர் தந்த எழுத்தை வேர்டுக்குக் கொண்டுவந்து அமைப்பைப் புதிதாகக் கட்டுவதுதான் சரியான வேலை.

மூலத்தைக் கட்டுவது: வேர்டும் லிப்ரே ஆபீஸும்

என்னைக் கேட்டால் மொத்த முயற்சியில் பெரும்பகுதியை இங்கேதான் செலவிட வேண்டும். இங்கே சரியாக இருந்தால் பிடிஎஃப், மின்னூல் வடிவமான இபப், எச்டிஎம்எல் எதற்கு வேண்டுமானாலும் போகலாம். இங்கே கோட்டைவிட்டால் ஒவ்வொரு வடிவத்திலும் தனித்தனியாக ஒட்டுப்போட வேண்டியிருக்கும்.

எழுத்தைப் பெரிதாக்கித் தடிமனாக்கினால் அது தலைப்பு ஆகாது. கண்ணுக்குத்தான் அது தலைப்பு, மென்பொருளுக்கு அது கொஞ்சம் பெரிய பத்தி. ஹோம் பட்டியலில் உள்ள ஸ்டைல்ஸ் பகுதியில் ஹெடிங் 1, ஹெடிங் 2 என்பவற்றைப் பயன்படுத்துங்கள். விண்டோஸில் கன்ட்ரோல், ஆல்ட் இரண்டோடு 1 அல்லது 2 அல்லது 3 அழுத்தினாலும் வந்துவிடும். தோற்றம் பிடிக்கவில்லை என்றால் ஸ்டைலின் நிறத்தையும் அளவையும் மாற்றிக்கொள்ளுங்கள், ஸ்டைலை மட்டும் விட்டுவிடாதீர்கள். ஹெடிங் 1க்குப் பின் நேராக ஹெடிங் 4க்குத் தாவுவதும் வேண்டாம். திரைவாசிப்பான் பயன்படுத்துவோரிடம், இணையம் எல்லோருக்கும் எட்டுவதற்காக இயங்கும் வெப்எய்ம் அமைப்பு தொடர்ந்து நடத்திவரும் கருத்தெடுப்புகளில், நீளமான பக்கத்தில் எதையாவது தேடும்போது தலைப்புகளைப் பிடித்துக்கொண்டுதான் போவோம் என்று சொல்பவர்களே பெரும்பான்மை. 60 பக்க அறிக்கையில் தலைப்பு ஸ்டைல் இல்லை என்றால், அவர் முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை கேட்டுக்கொண்டே போக வேண்டும்.

பட்டியலுக்குப் பட்டியல் பொத்தான், இடைவெளிக்கு ஸ்டைலில் உள்ள இடைவெளி அமைப்பு, அடுத்த பக்கத்துக்குப் போகப் பக்க முறிவு. என்டரைப் பத்துமுறை தட்டி அடுத்த பக்கத்துக்குத் தள்ளினால் சில திரைவாசிப்பான்கள் வெற்று, வெற்று, வெற்று என்று ஒவ்வொன்றாக அறிவித்துக்கொண்டிருக்கும்.

அட்டவணையைத் தகவலுக்கு மட்டும் போடுங்கள், பக்கத்தை அழகாக அடுக்குவதற்குப் போட வேண்டாம். முதல் வரிசையைத் தேர்ந்தெடுத்து ‘ரிப்பீட் ஹெடர் ரோஸ்’ கொடுத்தால் அது தலைப்பு வரிசை என்று பதிவாகும், பிடிஎஃப் ஆக்கும்போதும் அந்தத் தகவல் கூடவே போகும். அதன்பின் பயனர் எந்தக் கட்டத்துக்குப் போனாலும் அது எந்த நெடுவரிசையைச் சேர்ந்தது என்று திரைவாசிப்பானால் சொல்ல முடியும். கட்டங்களை இணைப்பதைக் கூடிய மட்டும் தவிருங்கள். இரண்டு அடுக்குத் தலைப்பும் இணைத்த கட்டங்களும் கொண்ட ஒரு பெரிய அட்டவணையை மூன்று சின்ன அட்டவணைகளாகப் பிரித்தால் கண்ணால் படிப்பவருக்கும் எளிதாகத்தான் இருக்கும்.

படத்தின் மேல் வலது கிளிக் செய்தால் மாற்று உரை எழுதும் இடம் வரும். அதில் ‘வரைபடம்’ என்று மட்டும் எழுதினால் யாருக்கும் பயனில்லை; அந்தப் படத்தை நீங்கள் எதற்காக அங்கே வைத்தீர்களோ அதை எழுதுங்கள். மழையளவு வரைபடம் என்றால் எந்த மாதத்தில் உச்சம், எந்த மாதத்தில் குறைவு, மொத்தப் போக்கு என்ன என்பது மாற்று உரையில் வரட்டும், முழு எண்களும் முக்கியம் என்றால் கீழே ஒரு அட்டவணையாகக் கொடுத்துவிடுங்கள். வெறும் அலங்காரக் கோடு, பூ என்றால் ‘டெக்கரேட்டிவ்’ என்று குறித்தால் திரைவாசிப்பான் அதைத் தாண்டிப் போய்விடும். வேர்டே தானாக எழுதித் தரும் மாற்று உரையை அப்படியே விட்டுவிடாதீர்கள். படத்தில் என்ன பொருள் இருக்கிறது என்று அது ஊகிக்கலாம், அந்தப் படம் உங்கள் ஆவணத்தில் ஏன் இருக்கிறது என்பது அதற்குத் தெரியாது.

லிங்குக்கு ‘இங்கே சொடுக்கவும்’ வேண்டாம். பயனர் லிங்குகளை மட்டும் தனியாகப் பட்டியலிட்டுக் கேட்கும்போது ‘இங்கே சொடுக்கவும்’ என்றே இருபது முறை வரும். ‘விண்ணப்பப் படிவம், வேர்டு’ என்று போகிற இடத்தையே லிங்காக்குங்கள். எழுத்துக்கும் பின்புலத்துக்கும் நிற வேறுபாடு 4.5:1க்குக் குறையக் கூடாது என்பது, இணைய உள்ளடக்கம் எல்லோருக்கும் எட்டுவதற்கான டபிள்யூசிஏஜி வழிகாட்டுதல், பெரிய எழுத்துக்கு 3:1 போதும். சிவப்பில் உள்ளவை கட்டாயம் என்று நிறத்தை மட்டும் நம்பி எதையும் சொல்லாதீர்கள், கூடவே ‘கட்டாயம்’ என்று எழுதிவிடுங்கள்.

முடித்ததும் ரிவ்யூ பட்டியலில் ‘செக் ஆக்ஸஸிபிலிட்டி’ ஓட்டுங்கள். மாற்று உரை விட்டுப்போனது, அட்டவணைத் தலைப்பு இல்லாதது போன்றவற்றைக் காட்டும். நீங்கள் எழுதிய மாற்று உரை பொருத்தமானதா என்பதை அது சொல்லாது.

பிடிஎஃப்: அமைப்பைத் தொலைக்காமல் சேமிப்பது

பிடிஎஃப் 1993ல் அடோபி நிறுவனத்தில் பிறந்தபோது அதன் நோக்கம் எந்தக் கணினியிலும் எந்த அச்சுப்பொறியிலும் பக்கம் ஒரே மாதிரி தெரிய வேண்டும் என்பதுதான். கண்ணாடிச் சட்டத்துக்குள் வைத்த தாள் மாதிரி, பார்க்கலாம், கலைக்க முடியாது. இது தலைப்பு, இது பத்தி என்று சொல்லும் டேக் வசதி 2001ல் 1.4 பதிப்பில்தான் சேர்ந்தது. எல்லோருக்கும் எட்டும் பிடிஎஃப் எப்படி இருக்க வேண்டும் என்பதற்கான பிடிஎஃப்/யூஏ என்ற ஐஎஸ்ஓ தரம் 2012ல் வந்தது. இந்த வரலாற்றைச் சொல்வதற்குக் காரணம் உண்டு: டேக் என்பது பிடிஎஃப்பில் பின்னால் சேர்ந்த, இன்றும் விருப்பத்துக்கு விட்ட வசதி, அதனால் நாம் கேட்டு வாங்காவிட்டால் கிடைக்காமல் போகலாம்.

வேர்டில் ‘பிரிண்ட்’ போய் ‘மைக்ரோசாஃப்ட் பிரிண்ட் டு பிடிஎஃப்’ கொடுத்தால் நீங்கள் கட்டிய அமைப்பு முழுக்க போய்விடக்கூடும், அச்சுக்குப் போகும் தோற்றம் மட்டும் மிஞ்சலாம். அதற்குப் பதில் ‘சேவ் ஆஸ்’ போய்ப் பிடிஎஃப்பைத் தேர்ந்தெடுத்து, ‘ஆப்ஷன்ஸ்’ திறந்து மூன்றைப் பாருங்கள். ‘டாக்குமெண்ட் ஸ்ட்ரக்சர் டேக்ஸ் ஃபார் ஆக்ஸஸிபிலிட்டி’ டிக் ஆகியிருக்க வேண்டும். ‘கிரியேட் புக்மார்க்ஸ் யூசிங் ஹெடிங்ஸ்’ டிக் செய்தால் பக்கவாட்டில் தலைப்புப் பட்டியல் கிடைக்கும். எழுத்துருவைப் பதிக்க முடியாவிட்டால் எழுத்தைப் படமாக மாற்று என்று பொருள்படும் ‘பிட்மேப் டெக்ஸ்ட்’ தெரிவை எடுத்துவிடுங்கள்; பதிக்க அனுமதி இல்லாத தமிழ் எழுத்துருவை நீங்கள் பயன்படுத்தியிருந்தால் சத்தமே இல்லாமல் உங்கள் எழுத்து படமாகிவிடும். மேக்கில் வேர்டு இரண்டு வழி காட்டும், அதில் மின்னணுப் பகிர்வுக்கும் அணுகலுக்கும் உகந்தது என்று இருப்பதைத் தேர்ந்தெடுங்கள், அச்சுக்கு உகந்தது என்பதை வேண்டாம். லிப்ரே ஆபீஸில் ‘எக்ஸ்போர்ட் ஆஸ் பிடிஎஃப்’ பெட்டியில் ‘டேக்டு பிடிஎஃப்’ தெரிவும், புதிய பதிப்புகளில் பிடிஎஃப்/யூஏ தெரிவும் இருக்கின்றன.

சேமிக்கும் முன் ஆவணப் பண்புகளில் ஒரு தலைப்பு எழுதிவிடுங்கள், இல்லையென்றால் திறந்ததும் ‘டாக்குமெண்ட் 7 ஃபைனல்’ போன்ற கோப்புப் பெயரைத்தான் பயனர் முதலில் கேட்பார்.

ஆவணக் காப்பகங்களுக்காக 2005ல் வந்த பிடிஎஃப்/ஏ தரத்தைப் பற்றி ஒரு எச்சரிக்கை. காப்பகத் தரம் என்பதால் எல்லோருக்கும் எட்டும் என்று நினைத்துக்கொள்கிறார்கள். அதன் ‘பி’ நிலை தோற்றம் நீண்டகாலம் கெடாமல் இருப்பதை மட்டும்தான் கேட்கிறது. டேக் அமைப்பையும் கேட்பது ‘ஏ’ நிலை. கேட்டு வாங்கும்போது எந்த நிலை என்று சொல்லிக் கேளுங்கள்.

பிடிஎஃப் சரியாக வந்திருக்கிறதா என்று பார்க்க விண்டோஸில் பிஏசி என்ற இலவசச் சோதனைக் கருவி இருக்கிறது. அதில் கோப்பைப் போட்டால் டேக், மொழி, தலைப்பு, எழுத்துரு எல்லாவற்றையும் சரிபார்க்கும், திரைவாசிப்பானுக்கு எந்த வரிசையில் என்ன போகிறது என்ற முன்னோட்டத்தையும் காட்டும். பச்சை டிக் வந்ததும் வேலை முடிந்தது என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். பிடிஎஃப்/யூஏ சோதனைக்கான மேட்டர்ஹார்ன் நெறிமுறை 136 தோல்வி நிலைகளைப் பட்டியலிடுகிறது, அவற்றில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கை மனிதர் பார்த்துத்தான் முடிவு செய்ய முடியும். பிழை இருந்தால் முடிந்தவரை மூலக் கோப்புக்குத் திரும்பிப் போய்த் திருத்தி மறுபடி சேமியுங்கள். பிடிஎஃப்புக்குள்ளேயே டேக் டேக்காகத் திருத்துவது நேரத்தைத் தின்னும் வேலை, நாளைக்கே மூலத்தில் ஒரு வரி மாறினால் அத்தனையும் மறுபடி செய்ய வேண்டும்.

இவ்வளவு செய்தாலும் பார்வை மங்கியவரின் சிக்கல் பிடிஎஃப்பில் முழுதாகத் தீராது. 400 சதவீதம் பெரிதாக்கினால் ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தை வலதும் இடதுமாக இழுத்துக்கொண்டே இருக்க வேண்டும். கைபேசியில் ஏ4 பக்கம் பார்ப்பவருக்கு, பார்வை நன்றாக இருந்தாலும், இதே பாடுதான்.

எச்டிஎம்எல், இபப்

படிப்பதற்காக மட்டும் ஒரு ஆவணத்தை வெளியிடுகிறீர்கள், பக்க எண்ணும் அச்சுத் தோற்றமும் முக்கியமில்லை என்றால் எச்டிஎம்எல்லைத்தான் முதலில் யோசிக்கச் சொல்வேன். எழுத்தைப் பெரிதாக்கினால் வரிகள் திரைக்குள் தானாக மடங்கும், நிறம் மாற்றலாம், எல்லாத் திரைவாசிப்பான்களும் நன்றாகக் கையாளும், திறக்கத் தனி மென்பொருள் தேவையில்லை. ஆனால் வேர்டிலிருந்து ‘வெப் பேஜ்’ என்று நேராகச் சேமித்தால் தேவையில்லாத குறிகள் நிறைய வந்து சேரும், ‘ஃபில்டர்டு’ தெரிவு கொஞ்சம் சுத்தமாக இருக்கும். பான்டாக் என்ற இலவசக் கருவி வேர்டிலிருந்தும், எளிய குறிகளோடு எழுதும் மார்க்டவுனிலிருந்தும் நல்ல எச்டிஎம்எல் எடுத்துத் தரும்.

நீளமான நூல், பாடப்புத்தகம், கையேடு என்றால் இபப். உள்ளே இருப்பது எச்டிஎம்எல் பக்கங்களைச் சேர்த்துக் கட்டிய ஒரு ஜிப் கோப்புதான் என்பதால் எச்டிஎம்எல்லின் நல்ல குணங்கள் எல்லாம் இதிலும் உண்டு, கூடவே உள்ளடக்கப் பட்டியல், அச்சுப் பதிப்பின் பக்க எண்கள் எல்லாம் சேர்க்கலாம். வகுப்பில் ஆசிரியர் 42ஆம் பக்கத்தைத் திறங்கள் என்று சொல்லும்போது இபப்பில் படிக்கும் மாணவரும் அதே இடத்துக்குப் போக முடியும். 2011ல் வந்த இபப் 3, கணிதச் சமன்பாடுகளை மேத்எம்எல் என்ற கணிதக் குறிமொழியில் வைத்துக்கொள்ளவும் இடம் தருகிறது. சமன்பாட்டைப் படமாக ஒட்டினால் அதில் எது மேலே எது கீழே என்று கேட்பவருக்குத் தெரிய வழியே இல்லை. எல்லோருக்கும் எட்டும் நூல்களுக்காக இயங்கும் டெய்சி கூட்டமைப்பு வெளியிட்டுள்ள வேர்டுடுஇபப் என்ற இலவசக் கருவி, ஸ்டைல் ஒழுங்காகப் போட்ட வேர்டு கோப்பிலிருந்து இபப் ஆக்கித் தரும். அவர்களுடைய ஏஸ் கருவியில் போட்டுச் சோதிக்கலாம், தோரியம் ரீடரில் திறந்து படித்துப் பார்க்கலாம். ‘ஃபிக்ஸ்டு லேஅவுட்’ இபப் மட்டும் வேண்டாம், பக்கம் மடங்காது, பிடிஎஃப்பின் அதே தொல்லை திரும்பி வந்துவிடும்.

மற்றவை

பவர்பாயிண்டில், திரைவாசிப்பான் ஸ்லைடில் உள்ளவற்றைப் பெரும்பாலும் நீங்கள் வைத்த வரிசையில் படிக்கும், கண்ணுக்குத் தெரியும் வரிசையில் அல்ல. ‘செலக்ஷன் பேன்’ திறந்து பார்த்தால் வரிசை தெரியும். அது கீழிருந்து மேலாகப் படிக்கப்படுவதை நினைவில் வையுங்கள். ஒவ்வொரு ஸ்லைடுக்கும் தனித் தலைப்பு கொடுங்கள், அதையும் தயாராக இருக்கும் லேஅவுட்டின் தலைப்புப் பெட்டியிலேயே எழுதுங்கள்.

எக்செல்லில் தகவலை முதல் கட்டத்திலிருந்து தொடங்குங்கள், நடுவில் அழகுக்காக வெற்று வரிசை விடாதீர்கள், கன்ட்ரோல் டி கொடுத்து முறையான அட்டவணையாக்குங்கள், ஷீட்டுக்குப் பெயர் வையுங்கள். காற்புள்ளியால் பிரித்த எளிய தரவுக் கோப்பான சிஎஸ்வி கொடுக்கும்போது ‘சிஎஸ்வி யூடிஎஃப்-8’ என்பதைத் தேர்ந்தெடுக்காவிட்டால் தமிழ் கேள்விக்குறிகளாக மாறிவிடும்.

டிஎக்ஸ்டி கோப்பு எதிலும் திறக்கும், பிரெய்ல் காட்சிப்பலகையில் சிக்கலில்லாமல் ஓடும். தலைப்பு, லிங்க், படம் எதுவும் அதில் நிற்காது என்பதால் சின்னக் குறிப்புகளுக்கு மட்டும் அது சரி.

ஒலிக்கோப்புக்கு எழுத்து வடிவம், காணொளிக்கு வசனவரி. வசனவரியைக் காட்சியோடு பிரிக்க முடியாதபடி பதித்துவிடாமல் எஸ்ஆர்டி அல்லது விடிடி கோப்பாகத் தனியாக வையுங்கள். அப்போதுதான் எழுத்தைப் பெரிதாக்கலாம், காது கேளாமையும் பார்வையின்மையும் சேர்ந்தே உள்ளவர் பிரெய்லில் படிக்கக்கூட வழி இருக்கும்.

படிவங்களும் பூட்டுகளும்

நிரப்ப வேண்டிய படிவத்தைப் பிடிஎஃப்பில் கொடுப்பது என் பார்வையில் கடைசித் தேர்வாக இருக்க வேண்டும். புள்ளிக்கோடு போட்ட இடம் தாளில் எழுதுவதற்கு, திரைவாசிப்பானுக்கு அது வெறும் புள்ளிகள். நிரப்பும் கட்டங்கள் வைத்தாலும் ஒவ்வொன்றுக்கும் பெயர் கொடுக்காவிட்டால் ‘எடிட்’, ‘எடிட்’ என்று மட்டும் கேட்கும், எதில் பெயர் எழுதுவது, எதில் முகவரி எழுதுவது என்று தெரியாது. எக்ஸ்எஃப்ஏ என்ற பழைய தொழில்நுட்பத்தில் செய்த பிடிஎஃப் படிவங்கள் பல கைபேசிகளிலும் உலாவிகளிலும் திறக்கவே திறக்காது. கட்டத்துக்குக் கட்டம் லேபிள் வைத்த ஒரு எச்டிஎம்எல் படிவம் இதைவிட எவ்வளவோ மேல், அதுவும் முடியாவிட்டால் வேர்டில் ஒரு எளிய அட்டவணையாகக் கொடுங்கள்.

நகலெடுக்கக் கூடாது என்று பிடிஎஃப்பைப் பூட்டும்போது திரைவாசிப்பானும் பூட்டப்பட்டுவிடக் கூடும். பூட்டித்தான் ஆக வேண்டும் என்றால் பாதுகாப்பு அமைப்புகளில் திரைவாசிப்பான் கருவிகளுக்கு எழுத்தை எடுக்க அனுமதி தரும் தெரிவை இயக்கி வையுங்கள்.

அனுப்பும் முன்

என்விடிஏ என்ற திரைவாசிப்பானை இலவசமாக விண்டோஸில் நிறுவலாம், அதோடு வரும் ஈஸ்பீக் குரலில் தமிழும் உண்டு. குரல் இயந்திரத்தனமாக இருக்கும், சோதிக்க அது போதும். உங்கள் கோப்பைத் திறந்து, திரையை அணைத்துவிட்டு, உலாவு நிலையில் ஹெச் விசையைத் தட்டித் தலைப்பு தலைப்பாகப் போய்ப் பாருங்கள். இன்செர்ட் எஃப்7 அழுத்தினால் லிங்குகள், தலைப்புகளின் பட்டியல் வரும். அந்தப் பட்டியலை மட்டும் கேட்டு ஆவணம் எதைப் பற்றியது என்று புரிகிறதா பாருங்கள். அட்டவணைக்குள் கன்ட்ரோல், ஆல்ட் இரண்டோடு அம்புக்குறி அழுத்திக் கட்டம் கட்டமாக நகருங்கள், நெடுவரிசைத் தலைப்பு கேட்கிறதா என்று கவனியுங்கள். கைபேசியில் டாக்பேக் (ஆண்ட்ராய்டு) அல்லது வாய்ஸ்ஓவர் (ஐஃபோன்) என்ற திரைவாசிப்பான் ஏற்கெனவே இருக்கிறது. திரைவாசிப்பானை அன்றாடம் பயன்படுத்தும் ஒருவர் தெரிந்தவராக இருந்தால் அவரிடம் ஒருமுறை காட்டுங்கள், நீங்கள் அரைமணி நேரம் தேடிக் காணாததை அவர் முதல் நிமிடத்திலேயே சொல்லிவிடுவார்.

அனுப்பும்போது முடிந்தால் இரண்டு வடிவங்களில் அனுப்புங்கள். படிக்க மட்டும் என்றால் எச்டிஎம்எல்லோ இபப்போ, அச்சடிக்க டேக் போட்ட பிடிஎஃப், திருத்தவோ நிரப்பவோ வேண்டியதென்றால் வேர்டு. எது எந்த வடிவம் என்று லிங்கிலேயே எழுதுங்கள். கூடவே ‘இந்த வடிவத்தில் படிக்க முடியாவிட்டால் இந்த முகவரிக்கு எழுதுங்கள்’ என்று ஒரு வரி சேர்த்து, அந்த முகவரியை யாராவது உண்மையிலேயே பார்த்துக்கொள்ளும்படி வையுங்கள். வெளியிட்ட பிடிஎஃப்பை மட்டும் வைத்துக்கொண்டு மூல வேர்டு கோப்பை அழித்துவிடாதீர்கள். பெரிய எழுத்தில் வேண்டும், பிரெய்லுக்கு மாற்ற வேண்டும் என்று ஒருவர் எழுதிக் கேட்கும் நாளில் அதிலிருந்துதான் எடுத்துத் தர முடியும்.